வேலை நீக்கப்படாதவர்

லாங்கன்தால் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி இருந்த அந்தத் தொழிற்சாலையில் செய்தது ஒரே ஒரு பொருள்தான். நூல் நூற்கும் இயந்திரத்துக்கான உருக்கு வளையம். கையில் எடுத்தால் சின்னப் பிள்ளையின் காப்பு மாதிரி இருக்கும். பஞ்சாலையில் அந்த வளையத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஒரு சிறு கம்பிக் கொக்கி நாள் முழுக்கச் சுற்றி ஓடும். அது ஓட ஓடத்தான் நூலுக்கு முறுக்கு ஏறும். வளையத்தின் உருக்கு இளகலாக இருந்தால் ஒரு மாதத்தில் தேய்ந்து, நூலை அறுக்கத் தொடங்கிவிடும். அந்த உருக்குக்கு உறுதி ஏற்றுகிற உலையில் கிளமென்ற் பத்து வருடம் நின்றான்.

மன்னார் பேசாலையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவன். 1985-இல் சுவிசுக்கு வந்து, அகதி முகாமில் ஒரு வருடமும் உணவகமொன்றில் கோப்பை கழுவி ஒரு வருடமும் கழித்த பிறகு இந்த உலைக்கு வந்து சேர்ந்தான். உப்பு உருகித் தண்ணீராய் நிற்கும் தொட்டி அது. கம்பியில் கோத்த வளையங்கள் அதற்குள் இறங்கும். எண்ணூற்றைம்பது பாகை என்று மானி காட்டும். கிளமென்ற் மானியைப் பார்ப்பது குறைவு. வளையங்கள் கடுஞ்சிவப்பைத் தாண்டி முருக்கம்பூ நிறத்துக்கு வருகிற கணத்தில் தூக்கி எண்ணெய்க்குள் விடுவான். எண்ணெய் சீறும். கறுப்புப் புகை கூரைக்குப் போகும். கொஞ்சம் பிந்தினாலும் வளையம் நெளிந்துவிடும், முந்தினால் உறுதி ஏறாது. கோடையில் அவனுடைய சப்பாத்துக்குள் வியர்வை தேங்கும். மாரியில், வெளியே மூடுபனி நாட்கணக்கில் கலையாமல் கிடக்கும்போது, மற்றப் பகுதிக்காரர்கள் தேநீர்க் கோப்பையோடு அவனுடைய உலையடிக்கு வந்து குளிர் காய்வார்கள்.

1995-இல் தொழிற்சாலையை ஒரு அமெரிக்கக் கம்பனி வாங்கியது. வளையங்களில் பாதிக்கு மேல் போனதே அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துப் பஞ்சாலைகளுக்குத்தான். வாங்குகிறவனே முதலாளியாக வந்தால் நல்லதுதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். கன்ரீனில் புதுக் கோப்பிமெஷின் வந்தது.

கிளமென்றின் மனைவி றீற்றா, ஊரின் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அரைநேர வேலை செய்தாள். உருளைக்கிழங்கு தோலுரித்து, பல்லில்லாத கிழவர்களுக்குச் சாப்பாடு அரைத்து, பெரிய சட்டிகளைக் கழுவி, மத்தியானம் வீடு வருவாள். இருவரும் மூன்று அறை வீட்டில் இருந்தார்கள். மூன்றாவது அறையில் ஒரு கட்டிலும் அலுமாரியும் மேசைவிளக்கும் இருந்தன. ஆள் இல்லை.

அந்த அறை லாராவுக்கு. அவர்களின் ஒரே பிள்ளை. 1989-இல் றீற்றா கொழும்பிலிருந்து ஏஜென்சியோடு புறப்பட்டபோது, சின்னப் பிள்ளையோடு எல்லை கடக்க முடியாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். பத்து வயதுப் பிள்ளையைக் கிளமென்றின் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தாள். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்பது அப்போதைய கதை. நிரந்தரமான விசா கிடைக்கவே ஐந்து வருடம் போனது. அது கிடைத்தபோது பிள்ளையின் பிறப்புச் சான்று இல்லை. மன்னார்க் கச்சேரியில், அந்த அரச அலுவலகத்தில், பதிவு எரிந்துபோனது. தமக்கையும் லாராவும் போரில் இடம்பெயர்ந்து மடுக் கோயிலடியில் தறப்பாள் கொட்டிலில் இருந்தார்கள். அங்கிருந்து வவுனியாவுக்கு வந்து, இராணுவத்திடம் பாஸ் எடுத்து, 1997 தை மாதம்தான் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை. பிறப்புச் சான்றுக்குப் பதிலாக ஞானஸ்நானத் தாளை வைத்து விண்ணப்பம் கொடுத்தாயிற்று. லாராவுக்குக் கார்த்திகையில் பதினெட்டு முடியும். முடிந்தால் சட்டப்படி அவள் பிள்ளையில்லை, வேறொரு வெளிநாட்டுக்காரி. அதற்குமுன் தீர்ப்பு வரவேண்டும்.

பங்குனி முதல் கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லாம் சரி, இன்னும் ஒரு தாள் வேண்டும் என்றது. கிளமென்ற் நிரந்தர வேலையில் இருக்கிறார், அவருடைய வேலை நீக்கப்படவில்லை என்று முதலாளி எழுதிக் கையொப்பமிட்ட தாள்.

"இவ்வளவுதானோ?" என்றாள் றீற்றா. "நாளைக்கே வாங்கிக்கொண்டு வாங்கோ."

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொல்லி, நூற்றுப்பத்துப் பேரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டார்கள்.

முகாமையாளர் ஷ்டால்டர் எழுதி வைத்துப் படித்தார். நல்ல மனிதர், பத்து வருடமாகக் கிளமென்றின் பெயரைச் சரியாக உச்சரித்தவர். அமெரிக்காவின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாய் மூடி மெக்சிக்கோவுக்குப் போகின்றன. வாங்குகிறவர்கள் போன இடத்துக்கு வளையமும் போகவேண்டும் என்று தலைமையகம் முடிவெடுத்திருக்கிறது. மெக்சிக்கோவின் வடக்கெல்லையில் கட்டடம் தயாராகிவிட்டது. மே மாதம் இயந்திரங்கள் கழற்றப்படும். ஆவணி முடிவோடு இங்கே வேலை இல்லை. கடிதங்கள் ஏப்ரல் முடிவில் வரும். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு இத்தாலியப் பெண் கோப்பையை மேசையில் அழுத்தி வைத்தாள்.

திரும்பி உலையடிக்கு நடக்கும்போது குகநாதன் கூட வந்தான். புங்குடுதீவுக்காரன், முப்பத்திரண்டு வயது, வளையத்தைத் தேய்த்து அரைக்கும் பகுதியில் வேலை. தொழிலாளர் குழுவில் ஒரே தமிழன். அவனுக்கு இன்னும் தற்காலிக விசாதான். மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"விளங்கினதோ அண்ணை? தொண்ணூற்றி நாலில அமெரிக்காவும் கனடாவும் மெக்சிக்கோவும் ஒரு வியாபார ஒப்பந்தம் போட்டவையள். நான் அப்பவே பேப்பரில வாசிச்சனான். எங்களுக்கென்ன, அது கடலுக்கு அங்கால எண்டு விட்டிட்டன்."

"சுவிஸ் அதில இல்லைத்தானே?"

"இல்லை. அவன் தன்ர எல்லைக்குள்ள வரியைத் தூக்க, பஞ்சாலை தெற்கால போகுது. பஞ்சாலைக்குப் பின்னால வளையம் போகுது. வளையத்துக்குப் பின்னால நாங்கள் போகேலாது. அவ்வளவுதான் கதை."

"மெக்சிக்கோக்காரனுக்காவது வேலை கிடைக்குதுதானே தம்பி."

"கிடைக்கும். எங்கட ஒருநாள் சம்பளம் அங்க ரெண்டு கிழமைச் சம்பளம். கூட்டித் தா எண்டு கேட்டால் வெளியால போ எண்டுவாங்கள். அமெரிக்காக்காரனுக்கும் வேலை போச்சு, எங்களுக்கும் போச்சு, கிடைச்சவனுக்கும் வயிறு நிறையாது. அப்ப ஆர் அண்ணை இதில வெண்டது?"

கிளமென்றின் மனம் முழுக்க அந்தத் தாள்தான் இருந்தது. ஏப்ரல் முடிவில் கடிதம் வரும் என்றால், இன்றைக்கு அவன் வேலை நீக்கப்படாதவன். சட்டைப் பையில் வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் இருந்தது. அன்று ஷ்டால்டரின் கதவைத் தட்ட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் தட்டினான். ஷ்டால்டர் கடிதத்தை வாசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார்.

"தலைமையகத்தைக் கேட்காமல் இப்போது நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட முடியாது, கிளமென்ற். பொறுத்துக்கொள்."

சித்திரை மாதம் தொழிலாளர் குழு கூடியது. மூடுவதைத் தடுக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் குகநாதன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தான். மெக்சிக்கோவில் ஆடி முதலாம் திகதி உற்பத்தி தொடங்கவேண்டும். உலை போய்ச் சேராவிட்டால் மற்ற எந்த இயந்திரத்தாலும் பயனில்லை. அதனால் உலையைக் கழற்ற யாரும் கை கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. வேலைநீக்கக் கடிதத்தை வருட முடிவு மட்டும் தள்ளிப்போட வேண்டும், விசா வேலையில் தொங்குகிறவர்களை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. சுவிஸ்காரர்களுக்கு வேலைநிறுத்தம் என்ற சொல்லே பிடிக்காது. ஆகவே அதை வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை. "நாங்கள் வளையம் செய்வோம். கழற்றமாட்டோம்" என்று மட்டும் எழுதினார்கள். நூற்றுப்பத்தில் நூற்றிரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள். கிளமென்றும் வைத்தான்.

"உலைக்காரன் நீங்கள் வைச்சதுதான் அண்ணை பெரிசு" என்றான் குகநாதன். "அந்த உப்பை இறக்க உங்களை விட்டால் ஆருக்கும் தெரியாது."

தலைமையகம் ஆடிப்போனது. ஏப்ரல் முடிவில் வரவேண்டிய கடிதங்கள் வரவில்லை. மே முதல் கிழமை ஒரு அமெரிக்கன் வந்தான். பெயர் டுவைன். ஐம்பது வயதிருக்கும். பெரிய கைகள், வெளிறிய தொப்பி. தென் கரோலினாவில் பஞ்சாலை இயந்திரம் திருத்துகிறவனாம். பாகம் பாகமாய்க் கழற்றி, எண் ஒட்டி, பெட்டியில் அடைத்து அனுப்ப வந்திருந்தான். முதல் ஐந்து நாளும் அவன் வாசலடியில் சும்மா நின்றான். யாரும் அவனோடு கதைக்கவில்லை.

ஆறாவது நாள் ஷ்டால்டர் கிளமென்றைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு தாள் இருந்தது. கம்பனியின் தலைப்போடு, தட்டச்சு செய்து, முத்திரையும் குத்தி.

"வாசி" என்றார்.

கிளமென்ற் வாசித்தான். காலவரையறையற்ற வேலை. சம்பளம். இன்றைய திகதியில் வேலை நீக்கப்படாதவர்.

"இது பொய்யில்லை, கிளமென்ற். இன்றைக்கு உண்மை. உன் மகளின் விஷயம் எனக்குத் தெரியும். எனக்கும் பெண்பிள்ளை இருக்கிறாள். தலைமையகத்துக்கு உலை வேண்டும். நீயும் டுவைனும் சேர்ந்தால் நான்கு நாள் வேலை. நீ தொடங்கினால் இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடலாம். உன் வேலைநீக்கக் கடிதத்தை எவ்வளவு பிந்தி அனுப்ப முடியுமோ அவ்வளவு பிந்தி அனுப்புகிறேன்."

"தொடங்காவிட்டால்?"

ஷ்டால்டர் யன்னலைப் பார்த்தார். "தொடங்காவிட்டால் நான் என்ன எழுதுவது? ஆலை மூடுகிறது என்றுதான் எழுதவேண்டும்."

அன்று இரவு வீட்டில் றீற்றா புட்டு அவித்து, பேர்ண் தமிழ்க் கடையில் வாங்கிய அறக்குளாக் கருவாட்டைப் பொரித்திருந்தாள். கிளமென்ற் சாப்பாட்டுக் கோப்பையில் கைவைத்தபடி இருந்தான்.

"சாப்பிடுங்கோவன். என்ன நடந்தது?"

சொன்னான். முடிந்ததும் அவள் எழும்பிப்போய்க் குழாயைத் திறந்து, கழுவின கையைத் திரும்பக் கழுவினாள்.

"குகநாதன்ர பெண்சாதி திருவிழாவுக்குச் சீலை உடுத்திவிட எண்டு என்னட்டத்தான் வாறவள்" என்றாள்.

"ஓம்."

"அந்தப் பிள்ளையளுக்கும் விசா இல்லைத்தானே?"

"இல்லை."

"நீங்கள் கழற்றாட்டி அவைக்கு ஏதும் கிடைக்குமோ?"

"கிடைக்கலாம். வருட முடிவு மட்டும் வேலை. நிச்சயமில்லை."

"கழற்றினால் எங்கட பிள்ளை வருமோ?"

"வரலாம். அதுவும் நிச்சயமில்லை."

றீற்றா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "நான் உங்களுக்குப் புத்தி சொல்லமாட்டன். நான் ஒருக்கா அவளை விட்டிட்டு பஸ் ஏறினனான். சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். விரலை ஒவ்வொண்டாக் கழற்றிவிட்டனான். ரெண்டாந்தரம் என்னால ஏலாது. அவ்வளவுதான் சொல்லுவன்."

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளமென்ற் உலையடிக்குப் போய், வெப்பத்தை மெல்ல மெல்ல இறக்கத் தொடங்கினான். உப்பு இறுகிவிடுமுன் வாளியால் அள்ளி அச்சுகளில் ஊற்றவேண்டும். ஒரு துளி தண்ணீர் பட்டாலும் வெடிக்கும். டுவைன் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். இருவருமாய் அள்ளினார்கள். அரைக்கும் பகுதியில் சத்தம் ஒவ்வொன்றாய் அடங்கியது. ஆட்கள் வாசலில் வந்து பார்த்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. குகநாதன் கடைசியாக வந்தான். கிளமென்ற் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது வாசல் வெறுமையாக இருந்தது.

இரண்டாம் நாள் தொட்டியின் செங்கல்லைப் பிரித்தார்கள். கரி கண்ணுக்குள் போனது. மத்தியானம் கன்ரீனுக்குப் போகக் கிளமென்றுக்குக் கால் வரவில்லை. உலையடியிலேயே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். டுவைன் பாணும் கட்டிச் சீஸும் வைத்திருந்தான். கிளமென்ற் பாதிப் புட்டையும் மீன்குழம்பையும் மூடியில் போட்டு நீட்டினான். டுவைன் வாயில் வைத்துவிட்டுச் சிரித்தான். தங்கள் ஊரிலும் சோளக் குருணையைக் கஞ்சியாகக் காய்ச்சி மீனோடுதான் தின்பார்களாம்.

கிளமென்றுக்குக் முன்பு கொழும்புத் துறைமுகத்தில் வேலைசெய்து பழகின ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. டுவைன் மெல்லமாகவே பேசினான்.

"என் ஊர் ஆலையிலும் இப்படித்தான். கழற்றமாட்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். கழற்றினது நான்."

"ஏன்?"

"மனைவிக்கு இரத்தத்தில் நோய். எங்கள் ஊரில் மருத்துவக் காப்புறுதி வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அதுவும் போகும். கழற்றிக் கொடுத்தால் என்னை வைத்திருப்போம் என்றார்கள். வைத்திருக்கிறார்கள். ஆலை ஆலையாய்ப் போய்க் கழற்றுகிறேன். இது ஏழாவது."

"மனைவி?"

"போன வருடம் போய்விட்டாள்."

கிளமென்ற் இன்னும் கொஞ்சம் குழம்பை மூடியில் ஊற்றினான்.

"மெக்சிக்கோக்காரர்மேல் கோபமா?" என்று கிளமென்ற் கேட்டான்.

"முதலில் இருந்தது. பிறகு அங்கே பூட்டப் போனேன். இயந்திரத்தில் நிற்கிற பெட்டைகளுக்கு என் மகளின் வயது. பெட்டிப் பலகையால் அடித்த வீட்டில் இருக்கிறார்கள். நான் அனுப்பிய அதே பெட்டிப் பலகை. அவர்களோடு என்ன கோபம்?" டுவைன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். "அந்த ஒப்பந்தம் வந்தபோது, போகிற ஒரு வேலைக்கு நல்ல வேலை இரண்டு வரும் என்றார்கள். சொன்னவருக்குத்தான் நான் வாக்குப் போட்டேன். என் மகள் நூலகத்திலிருந்து அந்த ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். பணம் போடுகிறவனுக்கு அநியாயம் நடந்தால் எங்கே முறையிடலாம் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. என்னைப் போன்றவனுக்குத் தனியாக ஒரு சின்னத் தாள், பிறகு சேர்த்தது. எழுதுகிற மேசையில் எங்களில் ஒருவர் இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பார்களா? வியாபாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களையும் கேட்டுச் செய் என்கிறேன்."

"எங்களை ஒருவரும் கேட்கவில்லை" என்றான் கிளமென்ற். அவன் எதை நினைத்துச் சொன்னான் என்று டுவைனுக்குத் தெரியாது.

நான்காம் நாள் உலை பன்னிரண்டு மரப்பெட்டிகளில் அடங்கியது. டுவைன் ஒவ்வொன்றிலும் எண் எழுதினான். பாரவண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு நாளில் பாசல் போய், அங்கிருந்து ரைன் நதி வழியாய்க் கடலுக்குப் போகும் என்றான். ஷ்டால்டர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கையில் தந்தார். கிளமென்ற் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினான்.

அதற்கடுத்த திங்கட்கிழமை, ஆலையை மூடச் சம்மதித்துத் தொழிலாளர் குழு கையெழுத்து வைத்தது. பிடித்து வைத்திருக்க உலை இல்லை. கம்பனி முதலில் சொன்ன ஆவணி முடிவுக்கு மேல் ஒரு நாளும் கொடுக்கவில்லை. வேலைநீக்கக் கடிதங்கள் மூன்று நாளில் மற்ற எல்லோருக்கும் வந்தன.

சைக்கிள் கொட்டிலில் குகநாதன் அவனுக்காக நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அண்ணை, நீங்கள் எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்ன செய்திருப்பாய்?"

"மறிச்சிருப்பன்."

"அதுக்குத்தான் சொல்லேல்லை."

குகநாதன் சைக்கிள் மணியில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். அடிக்கவில்லை. "இத்தாலிக்காரி சொல்லுறாள், தமிழர் எல்லாரும் இப்பிடித்தானோ எண்டு. நான் அவளுக்கு என்ன சொல்ல? உங்கட பிள்ளைக்காகத்தான் எண்டு சொன்னன். எல்லாருக்கும் பிள்ளை இருக்கு எண்டு சொன்னாள்."

"ஓம், இருக்கு."

"எனக்கு உங்களில கோவப்படவும் ஏலாமக் கிடக்கு அண்ணை. அதுதான் கஸ்ரமா இருக்கு. அவங்கள் நூறு பேரை ஒரு தாளால உடைச்சுப்போட்டாங்கள். ஒரே ஒரு தாள்." "இனி வீட்டை வராதேங்கோ. கொஞ்சக் காலத்துக்கு."

கிளமென்றின் வேலைநீக்கக் கடிதம் மட்டும் ஒரு மாதம் பிந்தி ஆனியில் வந்தது. ஷ்டால்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ஆடி போய் ஆவணி வந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. றீற்றா தினமும் மத்தியானம் வந்ததும் தபால் பெட்டியைத் திறப்பாள். சப்பாத்தைக் கழற்றுமுன் திறப்பாள். ஆவணி கடைசி நாள் தொழிற்சாலையின் பெரிய கதவைச் சங்கிலியால் பூட்டினார்கள். கிளமென்ற் வேலையில்லாதோர் அலுவலகத்தில் பதிந்தான். நாற்பத்தைந்து வயது, உலை வேலை. அப்படி ஒரு வேலை இந்தப் பக்கத்தில் இனி இல்லை என்று அங்கிருந்த பெண் அன்பாகச் சொன்னாள். துப்புரவு வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு பட்டியல் தந்தாள்.

புரட்டாதி நடுவில் பதில் வந்தது. றீற்றா அதைத் திறக்காமல் மேசையில் வைத்துவிட்டு, அவன் வரும்வரை எதிரே இருந்தாள். கிளமென்ற் நின்றபடியே வாசித்தான். டொச்சு மொழி அவனுக்கு விளங்கும், ஆனாலும் இரண்டு தடவை வாசித்தான்.

"என்ன எழுதியிருக்கு?"

"வேலைத் தாள் கிடைச்சதாம். பிறகு பேப்பரில ஆலை மூடுற செய்தியைக் கண்டவையாம். விசாரிச்சவையாம். இப்ப எனக்கு வேலை இல்லை. வேலையில்லாக் காசு நிரந்தர வருமானம் இல்லை. உன்ர அரைச் சம்பளம் மூண்டு பேருக்குக் காணாது. அதால பிள்ளைக்கு அனுமதி இல்லையாம்."

"வேற?"

"முப்பது நாளுக்குள்ள மேன்முறையீடு செய்யலாமாம்."

"செய்தால் கார்த்திகைக்கு முந்தி முடியுமோ?"

"முடியாது."

அவள் அழுவாள் என்று அவன் நினைத்தான். அவள் கேட்டது வேறு.

"அந்த உலை போய்ச் சேர்ந்திட்டுதோ?"

"ஆனி முடிவிலேயே சேர்ந்திட்டுது. டுவைன் தபாலட்டை போட்டவன். இப்ப அங்க எரியுதாம்."

"ஆறு கிழமையில. மூண்டு நாட்டைத் தாண்டி, கடலைத் தாண்டி." றீற்றா மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். "அதுக்கு ஒருத்தரும் தாள் கேக்கேல்லையோ?"

"அதுக்கும் தாள் இருந்தது. எல்லாம் கெதியாக் குடுத்தவங்கள்."

"இரும்பைப் பெத்திருக்கலாம்" என்றாள் அவள்.

அப்போதுதான் கிளமென்ற் கதிரையில் இருந்தான். சத்தமில்லாமல் அழுதான். அவன் அழுவதை அவள் இத்தனை வருடத்தில் கண்டதில்லை. கிட்டப் போகவும் முடியவில்லை. குகநாதனின் பிள்ளைகள் அவள் கண்ணுக்குள் நின்றார்கள். மாநிலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கும் விசா பற்றி ஒரு கடிதம் வந்திருப்பதாக முதல்நாள்தான் கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

கார்த்திகை இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து வந்து, பகல் பன்னிரண்டு மணிக்குக் கொட்டாஞ்சேனை லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அங்கே பின்னேரம். லொட்ஜ்காரர் கூப்பிட்டுவிட்டு வருமட்டும் யாரோ ஏணிப்படியில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. வெளியே லாங்கன்தாலில் மூடுபனி. எதிர் வீட்டு விளக்கு மட்டும் தெரிந்தது.

"அப்பா" என்றாள் லாரா.

"பிள்ளை. நேற்று உன்ர பிறந்தநாள். லைன் கிடைக்கேல்லை."

"பரவாயில்லை அப்பா. மாமி பால்சோறு காய்ச்சினவ. உங்களுக்கு வேலை கிடைச்சதோ?"

"இன்னும் இல்லை."

"சாப்பிடுறீங்களோ ஒழுங்கா?"

கிளமென்ற் றிசீவரை றீற்றாவிடம் கொடுத்தான்.

"அம்மா, அப்பா ஏன் கதைக்கிறார் இல்லை? நான் கோவமில்லை எண்டு சொல்லுங்கோ. எல்லாம் மாமி விளங்கப்படுத்தினவ. இங்க தங்கிறதுக்கான பொலிஸ் பதிவு வெள்ளிக்கிழமையோட முடியுது. விசா அலுவல் எண்டு சொல்லித்தான் இவ்வளவு நாளும் நீட்டித் தந்தவங்கள். இனிச் சொல்ல ஒண்டுமில்லை. சண்டையால மடுப் பாதை பூட்டு. வவுனியா முகாமுக்குத்தான் போகவேணும். வியாழக்கிழமை ரெயின்."

"முகாமில போன் இருக்காது, என்ன?"

"இருக்காது. நான் கடிதம் போடுவன்."

றீற்றா சுவரில் சாய்ந்தாள். கேட்கவேண்டியது நிறைய இருந்தது.

"பிள்ளை, உனக்கு ஒரு நல்ல சட்டை தைப்பிச்சு அனுப்புறன். ஆராவது ஊருக்குப் போற ஆக்களிட்டக் குடுத்துவிடுறன். உன்ர உயரம் என்ன சொல்லு."

"அளந்ததில்லை அம்மா" என்றாள் லாரா. "மாமியை விடக் கூட. நீங்கள் எவ்வளவு உயரம்?"

றீற்றா சொல்ல வாயெடுத்தாள். பிறகு, பக்கத்தில் நிற்கிற ஒருவரோடு தோளை அளந்து பார்க்கிறவள்போல, வெறும் காற்றில் கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தொலைபேசி அட்டையில் காசு முடிந்து லைன் அறுந்த பிறகும் அந்தக் கையை அவள் இறக்கவில்லை.